பின் வாங்குப் பிள்ளைக்கு மாரியில் ஒரு வேலை: வன்னி ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் மாரி பிறந்தால் பாடசாலைக்கு இரண்டு பொறுப்பு. ஒன்று படிப்பிப்பது, மற்றது ஊருக்கு அடைக்கலம் கொடுப்பது. 2018 டிசெம்பர் 21 இரவு கொட்டிய மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை, அதாவது மிகைநீரை வெளியேற்றும் கதவுகளைத் திறக்க, கனகராயன் ஆறு பெருகிக் கண்டாவளை, முரசுமோட்டை, ஊரியான், பன்னங்கண்டிப் பக்கமெல்லாம் வெள்ளம். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல். 2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல். இப்படியான நாட்களில் மேசைகளும் வாங்குகளும் மூலைக்குப் போய்விடும், வகுப்பறை முகாமாகிவிடும். அந்த வகுப்பில் பின் வாங்கில், கடைசி வரிசையில் இருந்து படிக்கிற பதினைந்து வயதுப் பெடியன் மட்டும் செய்ய ஒன்றுமில்லாமல் மதிலில் குந்தியிருப்பான்.

இந்த வழிகாட்டி அவனுக்காக. அவளுக்காகவும்தான், பெண்பிள்ளைகள் ஒதுங்கினால் சத்தம் வராது, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. இவர்களுக்கு ஊக்க உரை எவ்வளவோ கொடுத்தாயிற்று. "நீ நல்லாய்ப் படிச்சால் பெரிய ஆளாய் வரலாம்" என்பதைத் தரம் 6 முதல் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்காதது "நீ இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது" என்பதை. அதைப் பொய்யில்லாமல் சொல்லக்கூடிய இடம் அனர்த்தத்துக்கு முன்னும் பின்னும் ஊரில் இருக்கிற வேலைகள். ஆனால் வேலை உண்மையானதாக இருக்கவேண்டும். பிள்ளைகளுக்காக ஒப்புக்கு உருவாக்கிய வேலையை அவர்கள் ஒரு நாளிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

1. யார், ஏன் ஒதுங்குகிறார் என்று பாருங்கள்

வரவு இடாப்பைப் பார்த்து "படிப்பில் ஆர்வமில்லை" என்று எழுதிவிடுவது சுலபம். அந்த ஒரு வசனத்துக்குள் எங்கள் பக்கத்தில் பல கதை இருக்கும். காலபோக விதைப்புக்கு நாட்கூலிக்குப் போகிறவன் ஒருவன். இரவு தகப்பனோடு களப்பில் வலை போட்டுவிட்டு முதல் பாடத்தில் தூங்குகிறவன் இன்னொருவன். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு இருந்து தம்பி தங்கையைப் பார்க்கிற பிள்ளை. கணிதத்தைத் தரம் 7இலேயே தவறவிட்டு, தரம் 10இல் கரும்பலகையில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் இருக்கிற பிள்ளை.

முதல் மூவரும் களைத்தவர்கள். கடைசி ஆள் கைவிட்டவர். களைத்த பிள்ளையின் தலையில் பின்னேர வேலையையும் ஏற்றுவது அநியாயம். அவருக்குப் பாடசாலை நேரத்துக்குள் முடிகிற வேலை வேண்டும். கைவிட்ட பிள்ளைக்கு ஊருக்குள் அலைகிற வேலை சரிவரும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் தொடங்கினால் மிச்சம் எல்லாம் வீண்.

அப்புறம் புதுக் கொப்பி ஒன்று எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன தெரியும் என்று எழுதுங்கள். புள்ளி வேண்டாம். தோணி வலிக்கத் தெரியும். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் கழற்றிப் பூட்டத் தெரியும். எந்த ஒழுங்கையில் எந்த மழைக்குத் தண்ணீர் ஏறும் என்று தெரியும். சிங்களம் பேசத் தெரியும். கைக்குழந்தை அழுதால் ஆற்றத் தெரியும். நேரே கேட்டால் "ஒண்டும் தெரியாது சேர்" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் இருக்கிறவரிடம் கேளுங்கள். கூட்டாளி ஒரு பட்டியலே சொல்வான், சிரித்துக்கொண்டு.

2. சிரமதானத்தைத் தண்டனையிலிருந்து பிரியுங்கள்

பிந்தி வந்தால் மைதானம் கூட்டு, வீட்டுவேலை செய்யாவிட்டால் மலசலகூடம் கழுவு. பல பாடசாலைகளில் இதுதான் வழக்கம். அதே பிள்ளைகளிடம் போய் "வாருங்கள், ஊருக்குச் சேவை செய்வோம்" என்றால் அவர்கள் காதில் விழுவது பழைய தண்டனைதான். ஆகவே முதலில் அதிபரோடு கதைத்து, குறைந்தது இந்தத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காவது துப்புரவு வேலையைத் தண்டனையாகக் கொடுக்காமல் நிறுத்துங்கள். வராதவரிடம் காரணம் கேட்டு வாதாட வேண்டாம். வந்தவருக்குப் புள்ளி போடவும் வேண்டாம். மூன்று வேலையைச் சொல்லி, விருப்பமானதை எடுக்க விடுங்கள். "ஒன்றும் வேண்டாம்" என்பதும் ஒரு தெரிவாக இருக்கட்டும்.

இன்னொன்று, எங்கள் மண்ணுக்கே உரியது. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். வரிசையில் நின்று பொதி வாங்கிய கதை வீட்டில் பேசப்பட்டாலும் பேசப்படாவிட்டாலும் பிள்ளைக்குத் தெரியும். எனவே பதாகை பிடித்து, பொதி கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடுகிற நிகழ்ச்சிக்குள் இவர்களை இழுக்காதீர்கள். வாங்குகிறவரின் முகத்தைப் படமெடுப்பதில்லை என்பது முதல் நாளே சொல்லவேண்டிய விதி. கொடையாளர் படம் கேட்பார்தான். அடுக்கிய சாக்குகளைப் படமெடுத்து அனுப்புங்கள்.

3. நாட்காட்டியைப் பின்னிருந்து போடுங்கள்

1964 புயல், 2004 டிசெம்பர் 26 சுனாமி, 2018, 2020, 2025. சுனாமிக்குப் பருவம் கிடையாது. மற்றவை எல்லாம் நவம்பர், டிசெம்பரில் வந்தவை. அதுதான் மூன்றாம் தவணை. பரீட்சை, ரியூசன், விதைப்பு எல்லாம் ஒன்றாக நெரிக்கிற நேரம். அப்போது தொடங்கினால் ஒருவரும் வரமாட்டார்கள். வேலையின் பெரும்பகுதி மண் காய்ந்து கிடக்கும் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரைக்குள் முடியவேண்டும். ஒக்டோபரில் ஒரு ஒத்திகை, அவ்வளவுதான். வெள்ளம் வந்தபின் "நாங்களும் ஏதாவது செய்வோம்" என்று கிளம்புகிற திட்டம் பெரும்பாலும் பழைய உடுப்பு மூட்டையில் போய் முடிகிறது. அந்த மூட்டைகளைத் தரம் பிரிக்க இன்னொரு குழு தேவைப்படும்.

4. முதல் வேலையாக வெள்ளக்குறி வரைபடம் எடுங்கள்

எத்தனையோ வேலை இருக்க இதையே முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. காசு தேவையில்லை. எழுத்து குறைவு, நடை கூட. ஊரை அறிந்த பிள்ளைதான் கெட்டிக்காரன். வகுப்பில் முதலாம் பிள்ளை இந்த வேலையில் பின்னால் நடந்து வருவார்.

பாடசாலையைச் சுற்றிய ஒரு வட்டாரத்தை எடுங்கள். பெரிய தாளில் வீதி, ஒழுங்கை, வாய்க்கால், மதகு, குளக்கட்டு, கோயில், தேவாலயம், கிணறுகள் என்று பிள்ளைகளே வரையட்டும். கூகுள் வரைபடத்தைப் பார்த்து வரைய விடாதீர்கள். அதில் இல்லாத குறுக்குப்பாதைகள்தான் வெள்ளத்தில் உயிர் காக்கும் பாதைகள். பிறகு இருவர் இருவராக வீடு வீடாகப் போகவேண்டும். ஆச்சிமாரிடமும் ஐயாமாரிடமும் ஒரே கேள்வி: "2018 வெள்ளத்துக்கு உங்கட வீட்டில தண்ணி எவ்வளவு மட்டுக்கு வந்தது?" அவர் சுவரைக் காட்டுவார், முழங்காலைக் காட்டுவார், "உந்த நெல்லு மூட்டை மூண்டாவது அடுக்கு நனைஞ்சது" என்பார். அந்த உயரத்தை நாடாவால் அளந்து, வீட்டுக்காரர் சம்மதித்தால் சுவரில் நீல நிறப்பூச்சால் ஒரு கோடு. சம்மதிக்காவிட்டால் கொப்பியில் மட்டும். பொது இடங்களில் குறி போட முன் பிரதேச சபையிடமும் கிராம அலுவலரிடமும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் மின்கம்பத்தில் பூசிவிட்டு விளக்கம் சொல்லித் திரியவேண்டாம்.

அதே நடையில் இரண்டாவது பட்டியலும் வரும். தனியே இருக்கும் முதியவர், சக்கரநாற்காலியில் இருப்பவர், செயற்கைக்கால் போட்டவர், கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடு. போரில் காயப்பட்டவர்கள் இருக்கிற எங்கள் ஊர்களில் இந்தப் பட்டியல் நீளும். அவர்களை எந்தப் பாதையால், யார், எதில் கூட்டிப்போவது என்பதை ஊரோடு முன்கூட்டியே கதைத்து எழுதலாம். ஆனால் இது தனிப்பட்ட தகவல். ஒரு பிரதி கிராம அலுவலரிடம், ஒரு பிரதி அதிபரின் அலுமாரியில். வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. தனியே இருக்கும் பெண்களின் முகவரிப் பட்டியல் தவறான கையில் போனால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்குங்கள். அந்தப் பொறுப்பைக் கொடுத்தால், தலைகீழாக நடக்கிறவன்கூட வாயை மூடிக் காப்பான்.

முடிந்த வரைபடத்தைப் பிள்ளைகளே கொண்டுபோய்க் கிராம அலுவலரிடமும், மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலும், கமக்காரர் அமைப்பிலும் விளக்கிச் சொல்லவேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அதிகாரி ஒரு கேள்வி கேட்டு, அதற்குப் பின் வாங்குப் பெடியன் பதில் சொல்லி, அதிகாரி அதைக் குறித்துக்கொள்கிற அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சிலருக்கு நடை வேலை சரிவராது. அவர்களுக்கு வேறு வைத்திருங்கள்: பாடசாலை முகாமானால் எத்தனை தண்ணீர்த் தாங்கி, எத்தனை மலசலகூடம், எத்தனை தறப்பாள் என்று கணக்கெடுப்பது, பழைய பாடப்புத்தகங்களைச் சேர்த்துப் பெரிய பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வைப்பது. வெள்ளத்தில் புத்தகம் இழந்த பிள்ளைக்கு ஜனவரியில் அது பெரிய உதவி. ஒக்டோபர் மழைக்கு வாய்க்கால் ஓரம் பனங்கொட்டை ஊன்றுவதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு அனர்த்தத் திட்டம் என்று சொல்லாதீர்கள்.

5. அனுமதியும் ஆபத்தும்

இதில் இரக்கமில்லாமல் கண்டிப்பாக இருங்கள். அதிபரின் அனுமதி, வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம், ஒவ்வொரு பெற்றாரின் கையெழுத்து. பெண்பிள்ளைகள் போகும் குழுவில் ஒரு ரீச்சர் அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்து அம்மா ஒருவர், மாலை ஐந்து மணிக்குள் வீடு. அதன் பிறகு, எந்த நிலையிலும் செய்யக்கூடாதவை:

ஓடும் வெள்ளத்தில் இறங்குவது, தோணியில் மீட்புக்குப் போவது. நீந்தத் தெரிந்தவனும் போகக்கூடாது. மீட்பு வேலை படையினருக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கும். குளம் நிறைந்து வான் பாயும்போது குளக்கட்டில் நிற்பதும், வான் பார்க்கப் போய்ச் செல்பி எடுப்பதும் இதற்குள் அடங்கும்.

குறிபோடாத காட்டுக்குள்ளும் கைவிட்ட காணிக்குள்ளும் போவது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல வருடங்களாக நடந்தது. வெள்ளம் மண்ணை அரிக்கும், புதைந்து கிடந்ததை வெளியே கொண்டுவரும், வேறிடத்துக்கும் தள்ளும். இரும்பாக எதைக் கண்டாலும் தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவருக்கும் பொலிசுக்கும் சொல்லவேண்டும். பழைய இரும்புக்குக் காசு கொடுப்பவர்கள் இருக்கும்வரை இதை ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் வேண்டும்.

வெறுங்காலோடு சேற்றில் நிற்பது. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால், காலில் உள்ள சின்னப் புண் வழியாக ஏறும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. சேற்று வேலை என்றால் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தேவையென்றால் அவர்கள் அதைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து கொடுப்பார்கள். நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. வேலைக்குப் பின் காய்ச்சல், தசை நோ வந்தால் "சேற்றில் நின்றேன்" என்று வைத்தியரிடம் சொல்லும்படி பிள்ளைக்குப் பழக்குங்கள்.

பாம்பு வெள்ளத்தில் உயரமான இடம் தேடும்; அடுக்கிய வாங்குகளுக்குள்ளும் இருக்கும். கையை உள்ளே விட முன் தடியால் தட்டிப் பார்க்கவேண்டும். அறுந்த மின்கம்பிக்குக் கிட்டப் போகக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. மூன்றையும் போனில் பதிந்தால் போதாது, மனப்பாடமாக வேண்டும், போன் நனைந்துவிடும்.

6. குழுவும் முதல் நாளும்

ஐந்து அல்லது ஆறு பேர். கூட்டாளிகளை முழுவதும் பிரிக்காதீர்கள், ஒருவரையாவது கூட விடுங்கள். மாணவத் தலைவர்களை இதற்கும் தலைவராக்க வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே பட்டி அணிந்து இவர்களைப் பிடித்துக் கொடுத்தவர்கள். கொப்பியில் எழுதிய திறமையைப் பார்த்து வேலை பிரியுங்கள்: அளப்பவர், கதைப்பவர், எழுதுபவர், வழி காட்டுபவர். எழுத்துக் கூச்சமுள்ள பிள்ளையிடம் எழுதும் வேலையைக் கொடுத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். சில கிழமை கழித்து அவராகவே "நான் எழுதட்டா?" என்று கேட்கக்கூடும். கேட்காமலும் விடலாம்.

முதல் நாள் வேலை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியவேண்டும், முடிந்தது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். ஒரு ஒழுங்கை, பத்து வீடு. உரை வேண்டாம், மாலை வேண்டாம். தேத்தண்ணியும் பணிசும் கட்டாயம். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதை அவர்கள் சொல்லமாட்டார்கள். செலவு இவ்வளவுதான்: அளவு நாடா, ஒரு பேணி பூச்சு, தாள், பணிஸ். பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டால் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து பெரிய தொகை தர யாராவது வந்தால், முதல் வருடம் வாங்காமல் விடுங்கள். காசு வந்தால் வேலை பெரியவர்களின் கைக்குப் போய்விடும்.

7. மழை இறங்கிய பிறகு

பாடசாலை முகாமானதும் பொறுப்பு கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் போகும். பிள்ளைகள் அவர்களுக்குக் கீழ்தான். முதலில், தன் வீட்டில் தண்ணீர் ஏறிய பிள்ளையை எந்த வேலைக்கும் கூப்பிடாதீர்கள். அவராக வந்தால் தடுக்கவும் வேண்டாம். சிலருக்கு அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை இருப்பதே ஆறுதல்.

முகாமில் செய்யக்கூடியவை நிறைய. வந்தவர்களின் பதிவை எழுத உதவுவது, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் விளையாட்டு, கண் தெரியாதவருக்குப் படிவம் வாசித்து நிரப்புவது, தண்ணீர்த் தாங்கியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்வது, மின்சாரம் வந்தால் போன் சார்ஜ் பண்ணப் பெயர் எழுதி ஒழுங்கு வைப்பது. பெண்பிள்ளைகள் குழு ஒன்று மாதவிடாய்த் துணிகளும் உள்ளாடைகளும் யார் யாருக்குத் தேவை என்று கேட்டு ரீச்சரிடம் சொல்லலாம். ஆண் அதிகாரியிடம் பெண்கள் இதைக் கேட்கமாட்டார்கள், பொதியில் யாரும் வைக்கவும் மாட்டார்கள்.

சாப்பாடு பகிரும் வரிசையை மட்டும் பிள்ளைகளிடம் விடாதீர்கள். பசியும் கோபமும் அங்கேதான் வெடிக்கும்.

8. வடிந்த பின் கிணறுகள்

எல்லாரும் மறந்துவிடுகிற கட்டம் இது. நிவாரண வாகனங்கள் போய்விடும், கிணறுகளில் சேறு இருக்கும். வேலை பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தலைமையில் நடக்கவேண்டும். இறைத்து, சேறு எடுத்து, உட்சுவர் கழுவி, ஊற விட்டு, அவர் சொல்லும் அளவுக்குக் குளோரின். அவர் சரி என்னும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பிள்ளைகள் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. எண்ணெயில் ஓடும் இயந்திரத்தை யாரும் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடவும் கூடாது. அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

பிள்ளைகளின் பங்கு கணக்கும் தகவலும். எந்த வீட்டுக் கிணறு, இறைத்ததா, குளோரின் போட்டதா, எத்தனையாம் திகதி. வரைபடம் ஏற்கெனவே இருப்பதால் அதிலேயே நிறம் தீட்டலாம். எவ்வளவு குளோரின் என்று தெரியக் கிணற்றுத் தண்ணீரின் கனவளவு வேண்டும், அந்த அளவையும் அவர்களே எடுக்கட்டும். விட்டம் 3 மீற்றர், தண்ணீரின் ஆழம் 2 மீற்றர் என்றால் ஆரை 1.5; ஆரையின் வர்க்கத்தை π (பை) ஆல் பெருக்கி ஆழத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 14 கனமீற்றர், அதாவது 14,000 லீற்றர். உருளையின் கனவளவு சாதாரண தரக் கணிதத்தில் உள்ளதுதான். கொப்பியில் பிழைத்தால் சிவப்புக் கோடு விழும். இங்கே பிழைத்தால் ஒரு வீட்டுக்காரரின் தண்ணீர் நாறும், அல்லது கிருமி சாகாது. கணக்கை இரண்டு தரம் சரிபார்க்கச் சொல்லி நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது.

9. வகுப்புக்குள் கொண்டுவருவது

"நான் செய்த சமூக சேவை" என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். அந்த ஒரு தலைப்பு முழு வேலையையும் பாழாக்கும். பத்து நிமிடம் வட்டமாக இருந்து, என்ன சரிவந்தது, யார் கோபப்பட்டார், அடுத்த முறை எதை மாற்றுவது என்று கதைத்தால் போதும். எழுத்து வேண்டுமென்றால் உண்மைக் கடிதம் எழுதட்டும்: உடைந்த மதகு பற்றிப் பிரதேச சபைக்கு, வாய்க்கால் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. அனுப்புங்கள். பதில் வந்தால் வகுப்பில் வாசியுங்கள். வராவிட்டால் நினைவூட்டல் கடிதம் எழுதுவதும் ஒரு பாடம்தான். மற்றப் பாட ஆசிரியர்கள் ஒத்துழைத்தால் புவியியலுக்கு வரைபடம், விஞ்ஞானத்துக்கு எலிக்காய்ச்சல். ஒத்துழைக்காவிட்டால் சண்டை பிடிக்காதீர்கள், பாடத்திட்டம் முடிக்கிற அவசரம் அவர்களுக்கு.

10. பலனை எங்கே பார்ப்பது

வேலை நாளில் யார் வந்தார் என்று எண்ணாதீர்கள். அன்று எல்லாரும் வருவார்கள், வகுப்பு இல்லையே. வேலை இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமை இடாப்பைப் பாருங்கள். தவணை தொடங்க முன் இருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை ஒப்பிட்டால் போதும். சிலர் வேலைக்கு மட்டும் வந்து வகுப்புக்கு வராமலே விடுவார்கள். அவர்களை வேலையிலிருந்து நிறுத்தி வகுப்புக்கு வரச் செய்யலாம் என்று நினைத்தால் இரண்டும் போய்விடும். அவர்களுக்குத் தொழிற்பயிற்சி வழி பற்றி, வவுனியா, கிளிநொச்சிப் பயிற்சி நிலையங்களில் விசாரித்துச் சொல்லுங்கள். அதுவும் ஆசிரியர் வேலைதான்.

ஜனவரியில் தரம் 10 பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போக முன், வரைபடத்தையும் பட்டியலையும் கீழ் வகுப்புக்கு அவர்களே ஒப்படைக்கட்டும். ஒழுங்கை ஒழுங்கையாகக் கூட்டிப்போய்க் காட்டிக் கொடுக்கவேண்டும். புது வீடு கட்டியிருப்பார்கள், ஒருவர் இறந்திருப்பார், இன்னொரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கும். ஆகவே ஜூலையில் பட்டியலைப் புதுக் கொப்பியில் மறுபடி எழுதவேண்டும். பழையதை எரித்துவிடுங்கள், அதில் ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன.